ஒரே உண்ணிக்கடிதான்... ஒரு விலங்கு பிழைப்பதும் இன்னொன்று சாவதும் ஏன்?

1994-ல் தான்சானியாவின் செரங்கெட்டி தேசியப் பூங்காவில் சிங்கங்கள் வலிப்பு வந்து விழத் தொடங்கின. சில மாதங்களுக்குள் அங்கிருந்த சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செத்துப்போயின. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ்தான் காரணம் என்று பரிசோதனைகள் காட்டின. பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்களின் வளர்ப்பு நாய்கள் மீது சந்தேகம் விழுந்தது. விஷயம் அத்தோடு முடிந்தது போலத்தான் இருந்தது.

ஆனால் முடியவில்லை. சுமார் 30 ஆண்டுகளாகச் சேமித்து வைத்திருந்த சிங்கங்களின் ரத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது ஒரு புதிர் கிளம்பியது. அதே வைரஸ் அதே பகுதிச் சிங்கங்களிடையே குறைந்தது 5 முறை சத்தமில்லாமல் வந்து போயிருக்கிறது. அப்போதெல்லாம் சிங்கங்கள் கூட்டமாகச் சாகவில்லை. 1994-ல் செரங்கெட்டியிலும் 2001-ல் பக்கத்து இங்கோரோங்கோரோ பள்ளத்தாக்கிலும் மட்டும்தான் சாவு குவிந்தது.

அந்த இரண்டு முறையும் அப்படி என்ன வித்தியாசம்? 2008-ல் வெளியான ஆய்வு பதில் சொன்னது: உண்ணி.

இரண்டு சாவு அலைகளுக்கும் முன்னால் கடும் வறட்சி வந்திருந்தது. தீனி இல்லாமல் காட்டெருமைகள் மெலிந்தன. மெலிந்த உடம்பில் உண்ணி மொய்த்தது. சிங்கங்களுக்கு அந்த எருமைகள் சுலபமான இரை. எருமையை அடித்துத் தின்ற சிங்கங்கள் மீது உண்ணிகள் ஏறின. அவற்றோடு பபேசியா என்ற ரத்த ஒட்டுண்ணியும் வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகமாக ஏறியது. அதே நேரத்தில் டிஸ்டெம்பர் வைரஸ் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கீழே தள்ளியது. எப்போதும் உடம்பில் அமைதியாகக் கிடக்கும் ஒட்டுண்ணி, தடுக்க ஆளில்லாமல் பெருகியது.

வைரஸ் மட்டும் வந்தபோது சிங்கம் பிழைத்தது. பபேசியா மட்டும் இருந்தபோதும் பிழைத்தது. வறட்சி, உண்ணி, வைரஸ் மூன்றும் ஒன்று சேர்ந்தபோதுதான் செத்தது. உண்ணி பரப்பும் ஒட்டுண்ணி நோய்களைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி. கடித்த உண்ணி எது என்பது பாதிக் கேள்விதான். யாரை, எந்த வயதில், எந்த நிலைமையில் கடித்தது என்பது மீதிப் பாதி.

பபேசியா, தைலேரியா... இவை என்ன?

இரண்டுமே ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள். மலேரியா கிருமிக்குத் தூரத்துச் சொந்தம். மலேரியாவுக்குக் கொசு எப்படியோ, இவற்றுக்கு உண்ணி அப்படி. உண்ணி ரத்தம் குடிக்கும்போது அதன் எச்சில் வழியாக விலங்கின் உடம்புக்குள் போகின்றன.

பபேசியா நேராக ரத்தச் சிவப்பணுவுக்குள் நுழைந்து, பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வரும். உடைந்த அணுக்களின் நிறமி சிறுநீரில் கலக்கும். மாடு காபி நிறத்தில் சிறுநீர் கழிப்பது இதனால்தான். காய்ச்சல், ரத்தசோகை, மஞ்சள் காமாலை என்று அடுத்தடுத்து வரும்.

தைலேரியாவின் வழி இன்னும் தந்திரமானது. அது முதலில் வெள்ளை அணுவுக்குள் போய், அந்த அணுவைப் புற்றுநோய்ச் செல் போல ஓயாமல் பிரிந்து பெருக வைக்கிறது. அணு இரண்டாகும்போது ஒட்டுண்ணியும் இரண்டாகிறது. கிருமியை எதிர்க்க வேண்டிய படையே கிருமியின் வண்டியாக மாறிவிடுகிறது. நிணநீர்க் கட்டிகள் வீங்கும், காய்ச்சல் 105 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டலாம், பால் சட்டென்று குறையும். "மாடு நேத்துலேர்ந்து தீனி எடுக்கல" என்று விவசாயி சொல்லும்போது நோய் பல சமயம் முற்றியிருக்கும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். மனிதர்களுக்கு வருவதாகச் செய்திகளில் வரும் 'உண்ணிக் காய்ச்சல்' பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். அது ஒரு பாக்டீரியா நோய். பரப்புவது உண்ணி அல்ல, கண்ணுக்கே தெரியாத பூச்சியின் இளம்புழு. நாய் வளர்ப்பவர்கள் 'டிக் ஃபீவர்' என்று சொல்வதும் ஒரே நோய் இல்லை. எர்லிக்கியா என்ற பாக்டீரியாவாகவும் இருக்கலாம், பபேசியாவாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு.

உண்ணிதான் பரப்புகிறது என்று எப்படித் தெரிந்தது?

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஒரு வினோதம் நடந்தது. டெக்சஸ் மாடுகளை வடக்கே ஓட்டிச் செல்வார்கள். அவை கொழுகொழுவென்று ஆரோக்கியமாக இருக்கும். ஆனால் அவை நடந்துபோன வழியில் மேய்ந்த வடக்கத்தி மாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. நோயே இல்லாத மாடு எப்படி நோயைக் கொண்டுவரும்?

தியோபால்ட் ஸ்மித், எஃப். எல். கில்போர்ன் ஆகிய இருவரும் எளிய சோதனைகள் செய்தார்கள். தெற்கத்தி மாடுகளின் உண்ணியை ஒன்றுவிடாமல் பொறுக்கிவிட்டு வடக்கத்தி மாடுகளோடு கட்டினால் நோய் வரவில்லை. மாடே இல்லாமல் உண்ணியை மட்டும் மேய்ச்சல் நிலத்தில் விட்டால் நோய் வந்தது. 1893-ல் அவர்கள் முடிவை வெளியிட்டார்கள். பூச்சி இனம் ஒன்று நோயைப் பரப்புவதைச் சோதனை வழியாக உறுதிப்படுத்திய முன்னோடி ஆய்வுகளில் அது ஒன்று. மலேரியாவில் கொசுவின் பங்கை ரொனால்ட் ராஸ் கண்டது அதற்கு 4 ஆண்டுகள் கழித்துத்தான்.

இன்னொரு ஆச்சரியமும் வெளிப்பட்டது. மாட்டு உண்ணி தன் வாழ்நாள் முழுக்க ஒரே மாட்டில்தான் இருக்கும். அப்படியென்றால் அடுத்த மாட்டுக்கு நோய் போவது எப்படி? தாய் உண்ணி ஆயிரக்கணக்கில் இடும் முட்டைகள் வழியாக. பிறக்கும்போதே கிருமியோடு பிறக்கும் குஞ்சு, புது மாட்டில் ஏறுகிறது.

தெற்கத்தி மாடுகள் ஏன் சாகவில்லை? கன்றுப் பருவத்திலேயே கடிபட்டு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தன. பபேசியாவைப் பொறுத்தவரை இளங்கன்றுக்குத் தாங்கும் சக்தி அதிகம். வளர்ந்த பிறகு முதல்முறையாகக் கடிபடும் மாட்டுக்குத்தான் ஆபத்து.

சென்னைக்கு இதில் என்ன தொடர்பு?

நாய்களைத் தாக்கும் பபேசியா வகைகளில் முக்கியமான ஒன்று 'பபேசியா கிப்சோனி'. இன்று ஆசியா, அமெரிக்கா, ஐரோப்பா என்று பல நாட்டு நாய்களிடம் காணப்படும் இந்தக் கிருமி, முதன்முதலில் விவரிக்கப்பட்டது சென்னையில். 1910-ல் டபிள்யூ. எஸ். பேட்டன் என்ற ஆய்வாளர், 'மெட்ராஸ் ஹண்ட்' என்ற ஆங்கிலேயர் வேட்டைக் குழுவின் நாய்களுடைய ரத்தத்தில் இதைக் கண்டார். பிறகு குள்ளநரியின் ரத்தத்திலும் கண்டார். துரத்திய நாயிடமும் காட்டில் திரிந்த நரியிடமும் ஒரே கிருமி. வீட்டு விலங்கு, காட்டு விலங்கு என்ற பிரிவெல்லாம் ஒட்டுண்ணிக்குக் கிடையாது என்பதற்கு இது நல்ல அத்தாட்சி. இந்தக் கிருமி நாய்ச் சண்டையில் கடி வழியாகவும் பரவும் என்பது பின்னால் தெரியவந்தது.

கலப்பின மாட்டுக்கு மட்டும் ஏன் இத்தனை அடி?

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 19.2 கோடி மாடுகள். அதில் 5 கோடிக்கு மேல் கலப்பினமும் வெளிநாட்டு இனமும். தமிழ்நாட்டு மாடுகளில் பெரும்பான்மை கலப்பினம்தான். பால் நிறையத் தரும். ஆனால் தைலேரியாவிடம் சீக்கிரம் வீழும்.

நாட்டு இனங்கள் தலைமுறை தலைமுறையாக இந்தக் கிருமியோடு வாழ்ந்து பழகியவை. சாகிவால் கன்றுகளுக்கும் ஹோல்ஸ்டீன் கன்றுகளுக்கும் ஒரே அளவு கிருமியைச் செலுத்திய ஆய்வில், சாகிவாலுக்கு நோய் லேசாகவே வந்தது. ஹோல்ஸ்டீன் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. டெக்சஸ் கதைதான் இங்கேயும்: பழகியவனுக்குக் காய்ச்சல், புதியவனுக்குச் சாவு. கடன் வாங்கி ஒரே ஒரு கறவை மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது அறிவியல் தகவல் அல்ல, மாதத் தவணைப் பிரச்சினை.

கிர் காட்டில் கவலை ஏன்?

2018 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் குஜராத்தின் கிர் காட்டில் தல்கானியா சரகத்தில் மட்டும் 23 சிங்கங்கள் இறந்தன. டிஸ்டெம்பர் வைரஸ் உறுதியானது. பபேசியாவும் கண்டறியப்பட்டது. செரங்கெட்டி கதையைப் படித்தவர்களுக்கு இந்த ஜோடி பழக்கமானது.

ஒரு வித்தியாசம் உண்டு. ஆப்பிரிக்காவில் சிங்கங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. ஆசியச் சிங்கங்கள் காட்டில் வாழ்வது கிர் காட்டிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும்தான். 2025 கணக்கெடுப்பில் 891. காட்டுக்கு வெளியே வயல்களிலும் ஊர் ஓரங்களிலும் மாடு, நாய்களோடு இடத்தைப் பகிர்ந்து வாழ்கின்றன பல சிங்கங்கள். எல்லா முட்டையும் ஒரே கூடையில், கூடையைச் சுற்றி உண்ணி.

எல்லா உண்ணியையும் கொன்னுட்டா போதாதா?

அமெரிக்கா முயன்றது. 1906-ல் தொடங்கி, மாடுகளை மருந்துத் தொட்டியில் முக்கி முக்கி, 1943-க்குள் மெக்சிகோ எல்லையோரம் தவிர நாடு முழுக்க மாட்டு உண்ணியை ஒழித்தது. எல்லையில் சண்டை இன்றும் முடியவில்லை. காரணம் காட்டு விலங்குகள்: வெள்ளைவால் மான், அப்புறம் நீல்காய். ஆமாம், இந்தியாவின் நீல்காய்தான். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் டெக்சஸ் பண்ணைகளில் கொண்டுபோய் விடப்பட்டு, பெருகி, இப்போது உண்ணியைச் சுமந்து திரிகிறது. மாட்டைத் தொட்டியில் முக்கலாம், நீல்காயை யார் பிடித்து முக்குவது?

மருந்துக்கும் எல்லை உண்டு. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்ததால், டெல்டாமெத்ரின் போன்றவற்றுக்குச் சாகாத உண்ணிகள் இந்தியாவில் பல இடங்களில் பதிவாகியுள்ளன. தைலேரியாவுக்கான முக்கிய மருந்து பூபர்வாகுவோன். அதற்கு அடங்காத கிருமிகளும் துனிசியா, ஈரான் போன்ற நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளன.

இன்னொரு சிக்கல்: உண்ணி அரைகுறையாகக் குறைந்தால், கன்றுகள் சிறுவயதில் கடிபடாமலே வளரும். பிறகு ஒரு மழைக்காலத்தில் உண்ணி பெருகினால் எதிர்ப்பே இல்லாத பெரிய மாடுகள் சிக்கும். அதனால்தான் தடுப்பூசி முக்கியம். தைலேரியாவுக்கு 'ரக்ஷாவேக்-டி' என்ற இந்தியத் தடுப்பூசி இருக்கிறது. வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி என்பதால் திரவ நைட்ரஜனில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். ஊசி இருக்கிறது, அதைக் கடைசித் தொழுவம் வரை குளிர் குறையாமல் கொண்டுசேர்ப்பதுதான் கஷ்டம்.

வீட்டில் நாயோ மாடோ இருந்தால்...

* காது மடிப்பு, விரல் இடுக்கு, மாட்டின் மடி, வாலடி ஆகிய இடங்களைத் தினமும் தடவிப் பாருங்கள். பபேசியா உடம்புக்குள் போக உண்ணி பொதுவாக இரண்டு, மூன்று நாள் ஒட்டியிருக்க வேண்டும். சீக்கிரம் எடுத்தால் தப்பிக்க வாய்ப்பு அதிகம்.
* இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசுக்க வேண்டாம். தீயால் சுடவும் வேண்டாம்.
* உண்ணி சுவர் வெடிப்பிலும் தொழுவத்துக் கல் இடுக்கிலும் முட்டையிடும். விலங்கைக் குளிப்பாட்டினால் மட்டும் போதாது, இடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும்.
* மாட்டு மருந்தை நாய்க்கோ, நாய் மருந்தைப் பூனைக்கோ போடாதீர்கள். பெர்மெத்ரின் பூனையின் உயிரையே எடுத்துவிடும்.
* காய்ச்சல், வெளிறிய ஈறு, காபி நிறச் சிறுநீர் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தாலே பல சமயம் விடை கிடைத்துவிடும். நாள்பட்ட நோய்க்கு பி.சி.ஆர் சோதனை தேவைப்படலாம்.

செரங்கெட்டி புதிர் அவிழ்ந்ததற்குக் காரணம், யாருக்கும் நோய் இல்லாத ஆண்டுகளிலும் ரத்தம் எடுத்துச் சேமித்து வைத்ததுதான். செத்த விலங்கு எதனால் செத்தது என்று மட்டுமே சொல்லும். பிழைத்த விலங்கின் ரத்தம்தான் எதனால் பிழைத்தது என்று சொல்லும். கிர் காட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள தொழுவங்களுக்கும் சேர்த்து அப்படியொரு கணக்கு தொடர்ந்து இருந்தால், அடுத்த வறட்சிக்குப் பிறகு எங்கே பார்க்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.