எச்.ஐ.வி.யுடன் முதுமை: நம் முதியோர் இல்லங்களின் கடமை

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986ஆம் ஆண்டு சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அந்நாளில் அது விரைவில் மரணம் தரும் நோயாகவே எண்ணப்பட்டது. 2004 ஏப்ரல் முதல் அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாக வழங்கி வருகிறது. நம் மாவட்டத்தார் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இச்சிகிச்சையைப் பெறுகின்றனர். இதன் பயனாக, முன்னர் தொற்றுக்குள்ளானோர் பலர் இன்று அறுபது வயதைக் கடக்கின்றனர்.

இருதய நோயும் எலும்புத் தேய்வும் இவர்களைச் சற்று முன்னதாகவே தாக்கக்கூடும். நாஞ்சில் நாட்டிலோ பிள்ளைகள் பலர் வளைகுடா நாடுகளில் உழைக்கின்றனர். தனித்திருக்கும் முதியவர் இல்லமொன்றை நாடுகையில், தம் நோய் வெளிப்பட்டால் கதவு அடைபடுமோ என்று அஞ்சுகிறார்.

இவ்வச்சத்தை நீக்குவது நம் பொறுப்பு. குளிப்பாட்டுவதாலோ, உணவூட்டுவதாலோ, ஒரே பந்தியில் உண்பதாலோ இத்தொற்று பரவாது. இரத்தம் படக்கூடிய பணிகளில் கையுறை அணிவது எல்லா முதியோருக்கும் பொதுவான விதியாயிருத்தல் வேண்டும். ஒருவருக்கு மட்டும் அணிந்தால் அதுவே அவரைக் காட்டிக்கொடுக்கும். மேலும், 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2018இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், தனியார் பராமரிப்பு நிலையங்களிலும் இத்தகையோரை விலக்குவதையும் ஒதுக்கிவைப்பதையும் தடைசெய்கிறது.

முதுமையில் தள்ளப்படாதிருக்க மன்றாடும் 71ஆம் சங்கீதத்தை நாம் முதியோருக்கு வாசிக்கிறோம். சேகரப் போதகர்கள் தங்கள் பொறுப்பிலுள்ள இல்லங்களின் சேர்க்கை விதிகளை இவ்வாண்டே ஆராய்வார்களாக, பணியாளருக்குப் பயிற்சியளிப்பார்களாக, நம்பிக் கூறப்பட்ட இரகசியத்தைப் பொதுஜெபக் குறிப்பிலும் வெளியிடாது காப்பார்களாக.