பச்சை அட்டையில் காணாமல் போன எழுத்துகள்

ஜவ்வாது மலைப் பள்ளிக்கு நான் மாறுதலாகி வந்த முதல் ஆண்டு அது. வகுப்பறை பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசையில், ஜமுனாமரத்தூரில் கிளிப்பச்சை நிற அட்டைகள் வாங்கினேன். இளஞ்சிவப்புத் தாளில் எழுத்துகளை வெட்டி அவற்றில் ஒட்டினேன். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

மூன்றாம் வகுப்பில் ஒரு மாணவன். அட்டையைக் காட்டி வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வான். ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் அவனை ‘அரும்பு’ நிலையில் வைத்தேன். பல வாரங்கள் கழித்து, அதே சொற்களைத் தற்செயலாகக் கரும்பலகையில் எழுதினேன். தடங்கலின்றி வாசித்தான்.

“அட்டையைப் பார்த்து ஏன்டா படிக்கல?”

“அதுல எழுத்து எங்க டீச்சர் இருக்கு?”

குறை அவனிடம் இல்லை, என் அட்டையில் இருந்தது.

வண்ணச் சக்கரத்தில் சிவப்பும் பச்சையும் எதிரெதிரே அமைபவை. இளஞ்சிவப்பு என்பது வெள்ளை கலந்த சிவப்புதான். அதனால் பச்சையின் அருகே வைத்தால் இரண்டும் துடிப்பாகத் தெரியும். ஆனால், எழுத்து படிக்கத் தெளிவாக இருக்க நிற வேறுபாடு மட்டும் போதாது. ஒன்று வெளிர், மற்றொன்று அடர் என்ற வேறுபாடும் வேண்டும். நான் எடுத்த இரண்டுமே ஒரே அளவு வெளிச்சமானவை. அதோடு, சிவப்பு, பச்சை ஆகியவற்றைப் பிரித்தறிவதில் குறைபாடு சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. அதற்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஆண் பிள்ளைகளிடமே இது அதிகம். அவர்களுக்குச் சில பச்சைகளும் சில இளஞ்சிவப்புகளும் ஒன்றுபோலவே தோன்றும்.

அப்படியானால் இந்த நிறச் சேர்க்கையே கூடாதா? மலையிலிருந்து இறங்கி ஆரணிப் பட்டுக் கடைகளில் பாருங்கள். கிளிப்பச்சை உடலுக்கு வாடாமல்லி நிறக் கரை. உடல் வெளிர், கரை அடர். இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு சரிகைக் கோடு ஓடும். அரளிச் செடியைப் பாருங்கள். இலை அடர் பச்சை, பூ வெளிர் இளஞ்சிவப்பு. அதிலும் இலைதான் அதிகம், பூ கொஞ்சம். நெசவாளியும் செடியும் செய்வதை நான் செய்யவில்லை.

இப்போது நான் பின்பற்றுபவை இவை:

1. பச்சை, இளஞ்சிவப்பு இரண்டில் ஒன்றை அடர்த்தியாகவும் மற்றொன்றை வெளிராகவும் எடுக்கிறேன்.
2. ஒரு நிறத்தை அதிகமாகவும் மற்றதைக் குறைவாகவும் பயன்படுத்துகிறேன்.
3. இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெள்ளை அல்லது கறுப்புக் கோடு போடுகிறேன்.
4. வாசிக்க வேண்டிய எழுத்து கறுப்பில்தான். பச்சையும் இளஞ்சிவப்பும் ஓரத்துக்கும் படங்களுக்கும்.
5. ‘பச்சைக் கட்டத்தைத் தொடு’ என்று மட்டும் சொல்வதில்லை. வட்டம், முக்கோணம் என வடிவத்தையும் சேர்க்கிறேன்.

அட்டையை மாட்டும் முன் ஒரு சோதனை. அதைக் கைபேசியில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எழுத்து அப்போதும் தெளிவாகத் தெரிந்தால், நிறம் பிரித்தறியாத குழந்தையும் பெரும்பாலும் வாசித்துவிடும். மங்கிப் போனால் அட்டையை மாற்றுங்கள்.

அந்த மாணவனின் நிலையை மறுநாளே திருத்தினேன். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவிடம் அவன் கண்களைக் காட்டவும் ஏற்பாடு செய்தேன். இப்போது வாசிக்கத் தயங்கும் குழந்தையைக் கண்டால், முதலில் அது உட்காரும் இடத்தில் நானே உட்கார்ந்து அட்டையைப் பார்க்கிறேன்.