மோட்டாரின் செம்புக் கம்பியும் கணிப்பொறியின் கணக்கும்

தொழில்துறை நுகரும் மின்சாரத்தில் பெரும்பகுதியை மின் மோட்டார்களே எடுத்துக்கொள்கின்றன. உழவரின் பம்பு செட்டும் நெசவாளரின் விசைத்தறியும் மோட்டாரின்றி இயங்கா. அந்த மோட்டாரில் மின்சாரத்தை ஏற்பது, ஸ்டேட்டர் காடிகளில் சுற்றப்பட்ட எனாமல் பூசிய செம்புக் கம்பியாகும். 2018-19ஆம் ஆண்டில் நம் நாடு, சுத்திகரித்த செம்பை ஏற்றுமதி செய்வதைவிட மிகுதியாக இறக்குமதி செய்யும் நிலைக்கு மாறியது. ஆகவே, செம்பை அளவறிந்து பயன்படுத்துவது மின் சிக்கனத்திற்கு மட்டுமின்றி அன்னியச் செலாவணிக்கும் துணை செய்வதாகும்.

முன்பு மாதிரி மோட்டார்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து, சோதித்து, திருத்தி வந்தனர். இன்று அப்பணியின் பெரும்பகுதியை மென்பொருள் ஏற்றுள்ளது. மோட்டாரின் குறுக்குவெட்டை ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காந்தப்புலத்தை அது கணக்கிடுகிறது. எனினும், சுற்றினை நாம் எவ்வாறு வருணிக்கிறோமோ அதற்கேற்பவே விடையும் அமையும்.

பல இழைகள் ஏன்?

தடித்த ஒற்றைக் கம்பியைக் காடிக்குள் வளைத்துச் செருகுவது கடினம். எனவே ஒரே சுற்றில் பல மெல்லிய இழைகளைச் சேர்த்துச் சுற்றுவர். இதற்கு வேறொரு பயனும் உண்டு. மாறுகின்ற காந்தப்புலம் கம்பியை ஊடுருவும்போது அதனுள் சுழல் மின்னோட்டங்கள் தோன்றி வெப்பத்தை உண்டாக்குகின்றன. மொத்தச் செம்பு மாறாதிருக்க, இழையின் விட்டத்தைப் பாதியாக்கினால் இந்த இழப்பு கால் பங்காகக் குறைகிறது. ஆனால் இழைகள் பெருகப் பெருக எனாமல் மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். காடியில் செம்பின் பங்கு குறையும். இவ்விரண்டுக்கும் இடையே சரியான அளவைக் காண்பதே வடிவமைப்பாளரின் பணி.

மென்பொருள் கொள்ளும் அனுமானம்

மென்பொருளில் கம்பிச் சுற்றை இரு வகையாக வருணிக்கலாம். ஒன்று திண்மக் கடத்தி. இதில் கடத்திக்குள் தோன்றும் சுழல் மின்னோட்டங்களும் கணக்கிடப்படும். மற்றொன்று இழைக் கடத்தி. இதில் காடியிலுள்ள நூற்றுக்கணக்கான இழைகளைத் தனித்தனியே வரையாமல், முழுப் பரப்பையும் ஒரே பொருளாகக் கொண்டு, மின்னோட்டம் அதில் சீராகப் பரவியுள்ளதாகக் கொள்வர். சுற்றுகளின் எண்ணிக்கையும் செம்பின் நிரப்பு விகிதமும் தந்தால் போதும். கணக்கு விரைவில் முடியும். ஆனால் எளிய வடிவிலான இந்த வருணனை, இழைக்குள் தோன்றும் சுழல் மின்னோட்ட இழப்பைச் சேர்ப்பதில்லை. அதனைத் தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும்; அல்லது இழையின் விட்டத்தையும் கணக்கில் கொள்ளும் மேம்பட்ட வருணனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எஃப்.இ.எம்.எம். எனும் இலவச மென்பொருளிலும் இத்தகைய வசதி உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு

இரு மோட்டார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 50 ஹெர்ட்ஸில் இயங்கும் பம்பு மோட்டார். மற்றொன்று 10 இணை துருவங்களுடன் நிமிடத்திற்கு 6,000 சுற்றுகள் சுழலும் மின் வாகன மோட்டார்; இதன் மின்னோட்டம் 1,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் உடையது. இரண்டிலும் 1 மி.மீ. விட்டமுள்ள கம்பி, சதுர மி.மீ.க்கு 5 ஆம்பியர் மின்னோட்டம், காடியில் குறுக்காகப் பாயும் காந்தப்புலத்தின் உச்ச அளவு 0.1 டெஸ்லா எனக் கொள்வோம்.

20 டிகிரி செல்சியஸில், மின்தடையால் மட்டும் ஒரு கன செ.மீ. செம்பில் ஏறத்தாழ 0.43 வாட் இழப்பு ஏற்படும். பம்பு மோட்டாரில் சுழல் மின்னோட்டம் இதனுடன் சேர்ப்பது 0.002 வாட்டுக்கும் குறைவே. ஆனால் அதிர்வெண் 20 மடங்காகும்போது இந்த இழப்பு 400 மடங்காகிறது. எனவே வாகன மோட்டாரில் அது 0.72 வாட் அளவை எட்டும். மொத்த இழப்பு 1.15 வாட் ஆகும். மென்பொருள் 0.43 என்று காட்டுமிடத்தில் உண்மை இழப்பு இரண்டரை மடங்குக்கும் அதிகம். ஒவ்வொரு கம்பிக்கும் பதிலாக 0.5 மி.மீ. இழைகள் நான்கைப் பயன்படுத்தினால், செம்பின் அளவு மாறாமலேயே மொத்த இழப்பு 0.61 வாட்டாகக் குறையும்.

பம்பு மோட்டாருக்கு எளிய அனுமானமே போதுமானது. வாகன மோட்டாருக்கு அது தவறான வழிகாட்டி. ராஜ்கோட், கோயம்புத்தூர் போன்ற பம்புத் தொழில் மையங்களில் பல்லாண்டுகள் பெற்ற அனுபவத்தை வாகன மோட்டாருக்கு அப்படியே கொண்டுசெல்ல இயலாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

வடிவமைப்பு அறிக்கையை ஆராயும் அலுவலர் நான்கு செய்திகளைக் கேட்டறிதல் நலம். முதலாவது, இழைக்குள் ஏற்படும் இழப்பு சேர்க்கப்பட்டுள்ளதா? இரண்டாவது, மின்தடை எந்த வெப்பநிலையில் கணக்கிடப்பட்டது? 20 டிகிரியிலிருந்து 120 டிகிரிக்கு வெப்பம் உயர்ந்தால் செம்பின் மின்தடை சுமார் 39 சதவீதம் உயரும். மூன்றாவது, காடிக்கு வெளியே வளையும் கம்பியின் நீளம் சேர்க்கப்பட்டதா? குறுக்குவெட்டை மட்டும் காணும் கணக்கில் அப்பகுதி இடம்பெறாது. நான்காவது, இணையாகச் செல்லும் இழைகள் முறுக்கப்பட்டுள்ளனவா? சில இழைகள் காடியின் வாயிலிலும் சில அடியிலுமே அமைந்துவிட்டால், அவற்றிற்கிடையே பயனற்ற மின்னோட்டம் சுற்றி வரும்.

மோட்டார்களின் திறன் வகுப்புகளை இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 12615 தரவரை வகுத்துள்ளது. திறனை உறுதி செய்வது சோதனைக் கூடமே. ஆயினும், அனுமானத்தில் நேர்ந்த பிழை சோதனைக் கூடத்தில்தான் வெளிப்படுமாயின், அதற்குள் அச்சுகளும் இரும்புத் தகடுகளும் வாங்கப்பட்டிருக்கும். பெரிய நிறுவனம் அந்த நட்டத்தைத் தாங்கிக்கொள்ளும். கடன் பெற்றுத் தொழில் நடத்தும் சிறு உற்பத்தியாளரால் தாங்க இயலாது. மென்பொருளை வாங்கித் தருவதோடு, அதன் அனுமானங்களைப் புரிந்துகொள்ளும் பயிற்சியையும் அளித்தாலன்றி, தொழில் மேம்பாட்டுக்கெனச் செலவிடும் பணம் முழுப் பயனைத் தராது.