பூஜ்யம், நான்கு, ஏழு: கித்தார் கார்டின் கணக்கு

உடன்குடி வட்டாரத் தேவாலயங்களில் பாடற்குழுவோடு கித்தார் வாசிக்க ஆசைப்படும் பிள்ளைகள், பெரும்பாலும் படம் பார்த்துத்தான் கார்டு பழகுகிறார்கள். விரலை எங்கே வைப்பது என்று தெரியும். ஏன் அங்கே என்று தெரியாது. அந்தக் காரணம் வெறும் எண்ணிக்கைதான்.

ஹார்மோனியத்தில் கீழ் ச முதல் மேல் ச வரை பன்னிரண்டு படிகள். கித்தாரிலும் அதேதான்: ஒரு ஃப்ரெட் தள்ளினால் ஒரு படி ஏறும், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அதே சுரம் மேல் ஸ்தாயியில் வரும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை படி என்பதே இடைவெளி.

ச-வைப் பூஜ்யமாக வையுங்கள். நாலாம் படி அந்தர காந்தாரம், ஏழாம் படி பஞ்சமம். மூன்றும் சேர்ந்து ஒலித்தால் மேஜர் கார்டு. நாலுக்குப் பதில் மூன்றாம் படியான சாதாரண காந்தாரத்தை எடுத்தால் மைனர். ஒரு கட்டை சுருதியில் சி, இ, ஜி என்பது சி மேஜர்.

கையில் செய்து பாருங்கள். தடித்த கம்பியிலிருந்து வரிசை இ, ஏ, டி, ஜி, பி, இ. ஏ, டி கம்பிகளை இரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி ஆறு கம்பிகளையும் மீட்டினால் இ மைனர். ஆறு கம்பி ஒலித்தாலும் சுரங்கள் இ, ஜி, பி என மூன்றே. இப்போது ஜி கம்பியை முதல் ஃப்ரெட்டில் அழுத்துங்கள். மூன்று நான்காகிவிட்டது, கார்டு இ மேஜர். சோகச் சாயல் விலகுவது காதுக்கே தெரியும்.

ஒன்றைக் கவனியுங்கள். அடுத்தடுத்த கம்பிகளுக்கு இடையே ஐந்து படி. ஜி, பி கம்பிகளுக்கு இடையே மட்டும் நான்கு. ஒரு கார்டின் வடிவத்தை அப்படியே பக்கத்துக் கம்பிகளுக்கு நகர்த்தினால் அது மாறிப்போவது இதனால்தான்.

கார்டு மேற்கிலிருந்து வந்தது. ஆனால் சுரங்களுக்கு இடையிலான உறவை இணை, கிளை, நட்பு, பகை என்று நம் பழைய இசைமரபு வகுத்திருக்கிறது. சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், 1917-இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ நூலில் சுருதி இடைவெளிகளைக் கணக்கிட்டே ஆராய்ந்தார். இந்த எண்ணிக்கை நமக்குப் புதிதல்ல.

அடுத்த கார்டின் படத்தைத் தேடுமுன் ஜி-யிலிருந்து நான்கும் ஏழும் எண்ணுங்கள்: பி, டி. அவை எந்தெந்தக் கம்பியில் கிடைக்கின்றன என்று பார்த்து, ஜி மேஜரை நீங்களே கட்டுங்கள். அப்படிக் கட்டிய கார்டு மறக்காது.