நாக்கைப் பார்த்தா நுரையீரல் தெரியுமா?

சுங்கை பெசாரில் இருக்கும் உங்க தாத்தா பல வருஷம் சிகரெட் பிடிச்சவரா? இப்போ ஓயாத இருமலா, நடந்தாலே மூச்சு வாங்குதா? அது சி.ஓ.பி.டி. எனும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாக இருக்கலாம்.

சீன மருத்துவர் நாக்கையும் நாடியையும் பார்த்து, 'நுரையீரல் ஆற்றல் குறைவு', 'சளித் தேக்கம்' என இதே நோயை வகை பிரிப்பார். மருத்துவமனையில் ஊதச் சொல்வார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை இழுத்த பிறகும், முதல் நொடியில் வரும் காற்று மொத்தத்தில் 70 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அடைப்பு உறுதி. ரத்தத்தில் ஈசினோபில் அணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 300 அல்லது அதற்கு மேல் இருந்தால், ஸ்டீராய்டு இன்ஹேலர் பலன் தரும் வாய்ப்பு கூடுதல்.

இரண்டு முறையும் ஒத்துப்போகுதா? சி.ஆர்.பி. போன்ற அழற்சிக் குறியீடுகளைச் சீன ஆய்வாளர்கள் வகைவாரியாக ஒப்பிட்டு வருகிறார்கள். ஆனால், இன்ன வகை என்று உறுதியாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்னும் இல்லை.

அதனால மூலிகைக் கஷாயம் குடிச்சாலும் தாத்தாவின் இன்ஹேலரை நிறுத்தாதீங்க. என்ன குடிக்கிறார்னு டாக்டரிடம் மறைக்காம சொல்லிடுங்க.