சளியா, ஃப்ளூவா? எப்படி ஆரம்பிச்சதுன்னு பாருங்க

மழைக்காலத்துல படப்பைலேர்ந்து ஒரகடம் போற கம்பெனி பஸ்ல ஏறுங்க, நாலு பேராவது இருமிட்டு இருப்பாங்க. கேட்டா, "சும்மா சளிதான்."

சளி மெதுவா வரும். முதல்ல தொண்டை கரகரப்பு, அப்புறம் தும்மல், மூக்கொழுகல். பெரியவங்களுக்குக் காய்ச்சல் பெரும்பாலும் வராது. ஃப்ளூ அப்படி இல்ல. மதியம் நல்லா சாப்பிட்டவர் சாயங்காலம் குளிர் நடுக்கத்தோட போர்வைக்குள்ள இருப்பார். 102 டிகிரி, அடிச்சுப் போட்ட மாதிரி உடம்பு வலி. (டெங்குவும் இப்படித் திடீர்னுதான் வரும், ஆனா அதுல இருமல் பெருசா இருக்காது. சந்தேகம்னா ரத்த டெஸ்ட், அதுவரைக்கும் பாராசிட்டமால் மட்டும்.)

ஃப்ளூவுக்கு ஓசல்டாமிவிர்னு மருந்து இருக்கு. ஆரம்பிச்ச 48 மணி நேரத்துக்குள்ள எடுத்தாதான் நல்லா வேலை செய்யும். கர்ப்பிணிகள், சுகர், ஆஸ்துமா உள்ளவங்க, வயசானவங்க "நாளைக்குப் பாப்போம்"னு இருக்காதீங்க. மூச்சு வாங்கினா யாரா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

2023 மார்ச்ல ஹெச்3என்2 பரவினப்போ இந்திய மருத்துவ சங்கம் சொன்னது ஞாபகம் இருக்கா? காய்ச்சல் 3 நாள்ல போயிடும், இருமல் 3 வாரம் வரைக்கும் இழுக்கும், அசித்ரோமைசின் எல்லாம் நீங்களா வாங்கிப் போடாதீங்க. ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடவே தொடாது. ஆனா நம்மாளு மெடிக்கல்ல கேட்கறதே அதைத்தான்!

காய்ச்சல் விட்டு ஒரு நாளாவது ஆகாம பஸ் ஏறாதீங்க. "லீவு போட்டா சம்பளம் யாரு தருவா?" நியாயமான கேள்வி. ஈஎஸ்ஐ பிடிக்கறாங்கன்னா, தகுதியான நாள் சந்தா இருந்தா, ஈஎஸ்ஐ டாக்டர் சர்டிஃபிகேட்டோட சம்பளத்துல 70 சதவீதம் கேட்கலாம். பொதுவா முதல் 2 நாளுக்குக் கிடைக்காது. மூணாவது நாள்லேர்ந்து உண்டு.