திரையில் கறுப்பு, தாளில் சாம்பல்: இசைக்குறிப்பை அச்சுக்கு அனுப்பிய கதை

பெரியப்பாவிடம் மூன்று நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. பாளையங்கோட்டையில் நாற்பது வருஷம் சர்ச் பாடகர் குழுவை நடத்தியவர். தமிழ்க் கீர்த்தனைகளுக்கு அவர் எழுதிய ஆல்ட்டோ, டெனர், பேஸ் குரல்கள் எல்லாம் அந்த நோட்டுகளில் மட்டும்தான். வேறு பிரதி கிடையாது. மை மங்கிக்கொண்டே வருகிறது, அவர் கண்ணும்தான். அதனால் 42 பாடல்களை மியூஸ்ஸ்கோரில் ஏற்றினேன். 500 பிரதிக்குக் குழுவில் இருப்பவர்களே பணம் போட்டார்கள்.

முதல் ஃபாரம், அதாவது முதல் 16 பக்கம், அச்சாகி வந்த அன்று பெரியப்பா தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏல, கோடெல்லாம் என்ன மணல்ல கிழிச்ச மாதிரி இருக்கு?"

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஐந்து கோடுகளின் ஓரமும் ரம்பப் பல்லாக இருந்தது. ஒரு டெனர் வரியில் நோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளி எது, தாளில் இருக்கும் தூசி எது என்று தெரியவில்லை. அந்தப் புள்ளி இருந்தால் அந்த நோட்டு ஒன்றரை மடங்கு நீளம். புள்ளி போனால் நான்கு குரலும் அந்த இடத்தில் முட்டிக்கொள்ளும்.

அச்சகத்தைத் திட்டலாம் என்றுதான் முதலில் வந்தது. நோண்டிப் பார்த்தால் தப்பில் பாதி என்னுடையது. 'பிடிஎஃப் வந்துடுச்சு, வேலை முடிஞ்சது' என்று நினைத்ததுதான் தப்பு. சாஃப்ட்வேர்காரன் புத்தி.

மற்ற அச்சு வேலைகளில் மன்னிக்கப்படும் பிழைகள் இங்கே மன்னிக்கப்படாது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் கறுப்பு கொஞ்சம் வெளிறினால் யாருக்கும் தெரியாது. இசைக்குறிப்பு என்பது முழுக்க மெல்லிய கோடுகள். மியூஸ்ஸ்கோரின் இப்போதைய இயல்பு அமைப்பில் இரண்டு கோடுகளுக்கு நடுவே 1.75 மி.மீ. கோட்டின் தடிமன் அதில் 0.11 பங்கு. கணக்குப் போட்டால் 0.19 மி.மீ. ஒரு பக்கத்தில் ஐம்பது அறுபது கோடு, எல்லாம் ஒரே தடிமனில் ஓட வேண்டும். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் இதை உலோகத் தகட்டில் ஐந்து பல் உள்ள கருவியால் கீறி, நோட்டுகளை எஃகு அச்சால் தட்டிப் பதித்தார்கள், அதுவும் கண்ணாடி பிம்பமாக! சென்னையிலேயே 1890களில் ஏ.எம். சின்னசாமி முதலியார் கர்நாடக இசையை ஐந்து கோட்டில் அச்சிட்டிருக்கிறார். அதை எப்படிச் செய்தார்கள் என்பது தனிப் பதிவுக்கான விஷயம், விட்டுவிடுகிறேன்.

பிடிஎஃப் அனுப்பிய மறுநாளே அச்சகத்திலிருந்து போன். "சார், நோட்டு வர்ற இடத்துல பெட்டி பெட்டியா வருது. தமிழும் உடையுது. பேசாம ஜேபெக் போட்டு வாட்ஸப்ல அனுப்பிடுங்க."

பெட்டி ஏன் வந்தது? நோட்டின் தலை, கிளெஃப், ஷார்ப் எல்லாம் நமக்குப் படம். சாஃப்ட்வேருக்கு அவை எழுத்து. 'அ' ஒரு எழுத்து மாதிரி, கிளெஃப்பும் ஒரு ஃபான்ட்டில் இருக்கும் எழுத்து. மியூஸ்ஸ்கோரில் அந்த ஃபான்ட்டின் பெயர் லேலண்ட், டோரிகோவில் பிராவுரா. யூனிகோடில் யாருக்கும் ஒதுக்காமல் விட்டிருக்கும் தனிப்பயன் பகுதியில் இந்த எழுத்துகளை வைத்திருக்கிறார்கள். பிடிஎஃப்புக்குள் ஃபான்ட் பொதிந்துதான் இருக்கிறது, அப்படியே பிளேட் போட்டிருந்தால் சிக்கலே இல்லை. ஆனால் நம்ம ஊர் அச்சகங்களில் பழக்கம் என்ன? எந்த ஃபைல் வந்தாலும் கோரல் டிராவில் திறப்பார்கள். திறக்கும்போது அது ஒரு கேள்வி கேட்கும்: எழுத்தை எழுத்தாகவே எடுக்கவா, வளைகோடாக மாற்றவா? எழுத்து என்று சொன்னால் அந்தக் கம்ப்யூட்டரில் லேலண்டைத் தேடும். அங்கே எப்படி இருக்கும்? வேறு ஃபான்ட்டைப் போடும், பெட்டி வரும். தமிழில் 'கொ' மாதிரி இரண்டு பக்கமும் கொம்பும் காலும் உள்ள எழுத்துகள் கழன்று போகும். வளைகோடு என்று மாற்றச் சொன்னேன், பெட்டி போய்விட்டது.

ஜேபெக் யோசனைக்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. 300 டிபிஐ என்றால் ஒரு பிக்சல் 0.085 மி.மீ. நம் கோடு அதில் இரண்டே கால் பிக்சல். இரண்டு பிக்சல் கறுப்பாகும், அந்தக் கால் பிக்சல் சாம்பலாகும். கோடுகளின் இடைவெளியோ 20.67 பிக்சல். ஆகவே முதல் கோட்டில் சாம்பல் மேல்பக்கம் விழுந்தால் அடுத்ததில் கீழ்ப்பக்கம் விழும். ஐந்தும் ஐந்து விதம். இதில் வாட்ஸப் வேறு தன் பங்குக்குப் படத்தை நசுக்கும். படமாகத்தான் வேண்டும் என்று ஒருவர் அடம்பிடித்தால் 1200 டிபிஐ, வெறும் கறுப்பு வெள்ளை டிஃப் கொடுக்கலாம். நல்ல வழி பிடிஎஃப்தான், ஏனென்றால் அதில் கோடு கணக்காக இருக்கிறது. 6400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள், ஓரம் கூர்மையாகவே நிற்கும்.

அப்புறம் ஏன் மணல் கோடு? இதைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டு நாள் ஆனது.

ஆஃப்செட்டில் சாம்பல் மை என்று ஒன்று கிடையாது. மை இருக்கும், அல்லது இருக்காது. 90 சதவீதக் கறுப்பு வேண்டுமென்றால் பிளேட்டில் பொடிப் பொடியாக வெள்ளை விட்டு அடிப்பார்கள். பெரிய பரப்பில் கண் ஏமாந்துவிடும். 0.19 மி.மீ கோட்டில் அந்தப் பொடி ஓரத்தைத் தின்றுவிடும்.

என் ஃபைலில் எல்லாம் கறுப்புதானே? கறுப்புதான், ஆனால் திரையின் கறுப்பு. மியூஸ்ஸ்கோர் தரும் பிடிஎஃப் ஆர்ஜிபியில் இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் பூஜ்யம், அதுதான் அங்கே கறுப்பு. அச்சுக்கு மாற்றும்போது அது நான்கு மையாகப் பிரியும். ஃபோட்டோஷாப்பின் வழக்கமான அமெரிக்க அமைப்பில் தூய கறுப்பு எப்படிப் பிரிகிறது தெரியுமா? நீலப் பச்சை 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90. நான்கும் சேர்ந்தால் கன்னங்கரேல் என்று இருக்கும். நம் உள்பக்கமோ சிங்கிள் கலர். அச்சகம் கறுப்பு பிளேட்டை மட்டும் எடுத்துக்கொண்டது, மிச்ச மூன்றும் குப்பைக்குப் போயின. தாளில் இறங்கியது முழுக் கறுப்பில்லாத கறுப்பு.

மல்டிகலராக அடித்திருந்தாலும் தப்பியிருக்க முடியாது. நான்கு பிளேட்டும் ஒரு மயிரிழை விலகினால் ஒவ்வொரு கோட்டுக்கும் சிவப்பு, நீல நிழல் விழும்.

தீர்வு என்னவோ அற்பமானது. கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவசக் கருவியில் ஒரே கட்டளை: வண்ணத்தை கிரேஸ்கேலுக்கு மாற்று. டோரிகோவில் ஏற்றுமதி செய்யும்போதே 'மோனோ' என்று தேர்ந்தெடுக்கலாம். மாற்றியபின் அக்ரோபேட் புரோவில் அவுட்புட் பிரிவியூவைத் திறந்து கறுப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள். பக்கம் வெள்ளையாகிவிட வேண்டும். எங்காவது கலர் மிச்சம் தெரிந்தால் ஃபைல் இன்னும் தயாரில்லை.

நான் சரியாகச் செய்தது ஒன்றுதான், அதுவும் பெரியப்பா சொன்னதால். டெமி 1/8 அளவில் போட்டால் செலவு குறையும் என்றார்கள். ஏ4-இல் அமைத்ததை அந்த 14 செ.மீ அகலத்துக்குச் சுருக்கினால் மூன்றில் இரண்டு பங்காகும். 7 மி.மீ இருந்த ஐந்து கோடு 4.7 மி.மீ ஆகிவிடும். "அறுபது வயசுக்காரி ட்யூப்லைட்ல இதப் படிப்பாளால?" என்றார். கிரவுன் 1/4-க்குப் போனோம். பக்க அளவை முதலில் சாஃப்ட்வேரில் மாற்றி, கோட்டிடைவெளியை 1.6 மி.மீ ஆக்கி, வரிகளைத் திரும்ப அடுக்கினேன். எந்த அளவில் அச்சாகிறதோ அந்த அளவில்தான் அமைக்க வேண்டும், சுருக்கும் வேலையை அச்சகத்துக்கு விடக் கூடாது. வீட்டு லேசர் பிரிண்டரில் 100 சதவீதத்தில் ஒரு பக்கம் எடுத்து ஸ்கேல் வைத்து அளந்தேன். 6.4 மி.மீ.

இரண்டாம் முறை ஃபைலோடு ஒரு குறிப்பும் அனுப்பினேன்: கோரலில் திறக்க வேண்டாம், நேரே சிடிபி பிளேட்டுக்குப் போகட்டும், சுருக்க வேண்டாம், உள்பக்கம் கறுப்பு மட்டும். வீணான ஃபாரத்தின் தாள் செலவை அச்சகமும் நானும் பாதிப் பாதி ஏற்றுக்கொண்டோம்.

புது ஃபாரத்தைப் பெரியப்பா லென்ஸோடு அரை மணி நேரம் பார்த்தார். கோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பதினோராம் பக்கத்தில் விரலை வைத்தார். ஆல்ட்டோவில் ஒரு ஷார்ப் இல்லை. பழைய நோட்டை எடுத்துப் பார்த்தோம், அதில் இருக்கிறது. நான் ஏற்றும்போது விட்டது. அதை எந்த பிரிவியூவும் காட்டாது.

மிச்ச ஃபாரங்களை அவர் பார்த்து முடிக்கும்வரை பிளேட் போட வேண்டாம் என்று அச்சகத்துக்குப் போன் செய்தேன்.